ஒப்பீட்டுக் கிராமம்

ஜூன் 12

அத்திப்பொட்டலில் இன்று சர்வே தொடங்கினேன். மூன்றாவது வருடம். மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. இரண்டு வீடு பூட்டியிருந்தது, மற்ற எல்லாரும் ஊரில்தான் இருக்கிறார்கள். வண்டியை நிறுத்தியபோது நாய்கள்கூடக் குரைக்கவில்லை. என்னோடு பழகிவிட்டன.

எப்போதும் பஞ்சவர்ணத்தின் வீட்டில்தான் முதலில் உட்காருவேன். முப்பத்திரண்டு வயது, எட்டாவது வரை படித்தவள். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். அவள் கணவன் சண்முகவேல் சீமைக்கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவன். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். பதில்களைப் பதிகிற டேப்லெட்டில், அதாவது டேப்பில், வீட்டு எண் 17.

என் கேள்விகள் முடிந்ததும் வழக்கம்போல அவள் தன் கேள்வியைக் கேட்டாள்.

“மூணு வருசமாக் கேட்டு எழுதிக்கிட்டுப் போறீக. செவந்திக்குளத்துக்கு எல்லாம் குடுத்தாச்சு. எங்க ஊருக்கு எப்பக்கா?”

மேலிடத்தில் முடிவு செய்வார்கள், எனக்குத் தெரியாது என்றேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. எங்கள் நிதியம் கிராமத்துக்காரர்கள் தொழில் தொடங்க உதவுகிறது. அந்த உதவியால் வேலையும் தொழிலும் உண்மையிலேயே பெருகுகின்றனவா என்று அளந்து காட்ட வேண்டும். அதற்கு உதவி போன ஊர் ஒன்று வேண்டும். எல்லா விதத்திலும் அதைப் போலவே இருக்கிற, உதவி போகாத ஊர் ஒன்றும் வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் உதவி செவந்திக்குளத்துக்கு விழுந்தது. அத்திப்பொட்டல் ஒப்பீட்டுக் கிராமம் ஆனது. ஆய்வு முடிகிறவரை இங்கே ஒன்றும் வராது. இதை ஊரில் சொல்லக்கூடாது என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

அரைக்கக் கொடுத்த மாவைத் திரும்பும் வழியில் வாங்க மறந்துவிட்டேன். ராத்திரிக்குத் தோசை இல்லை என்றதும் மகள் நித்யா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஜூன் 15

செவந்திக்குளம். எண்ணெய்ச் செக்கில் ஆறு பேர், தையல் கூடத்தில் பதினான்கு பேர், ஆட்டுப் பண்ணை இரண்டு. போன வருடம் திருப்பூருக்குப் போயிருந்த நான்கு குடும்பங்கள் திரும்பி வந்துவிட்டன. தையல் கூடத்தில் எனக்கு ஒரு ஜாக்கெட் துணி கொடுக்க வந்தார்கள், வாங்கவில்லை. இந்த ஊரில் சர்வே எடுத்தால் சாயங்காலம் உடம்பு வலிப்பதில்லை.

ஜூன் 27

அத்திப்பொட்டலில் ஒரு புதுச் செய்தி. பஞ்சவர்ணமும் இன்னும் ஆறு பெண்களும் சேர்ந்து மிளகாய்த்தூள் அரைத்து விற்கப் போகிறார்கள். இங்கே விளைகிற குண்டு மிளகாயை இத்தனை காலமும் மூட்டையாகத்தான் வியாபாரிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். மதுரையில் உள்ள ஓர் அறக்கட்டளைக்கு அவளே விண்ணப்பம் எழுதிப் போட்டிருக்கிறாள். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய், அரைக்கும் மெஷின் தருவதாக எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் வரும். பழைய ரேஷன் கடைக் கட்டடத்தைப் பஞ்சாயத்தில் கேட்டு வாங்கிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். என்னைக் கூட்டிப் போய்க் காட்டினாள். சண்முகவேல் மெஷின் நிற்க வேண்டிய இடத்தில் சிமெண்டு மேடை போட்டுக்கொண்டிருந்தான். மெஷின் ஓட ஆரம்பித்தால் கரிமூட்டப் புகையில் நிற்க வேண்டாம் என்றான். அவனுக்கு மூன்று மாதமாக இருமல்.

சந்தோஷமாக இருந்தது. டேப்பில் ‘பிற உதவிகள்’ என்ற இடத்தில் அறக்கட்டளையின் பெயர், மெஷின், மாதம் எல்லாவற்றையும் பதிந்தேன். அந்த இடம் மூன்று வருடமாகக் காலியாகவே இருந்தது.

ஜூலை 3

நிவாஸ் சார் சென்னையிலிருந்து கூப்பிட்டார். ஆய்வுக்கு அவர்தான் பொறுப்பு. நல்ல மனிதர், ஒரு நாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. வீட்டு எண் 17 பற்றிக் கேட்டார். நான் விவரமாகப் பதிந்திருந்ததைப் பாராட்டினார்.

ஆனால் ஒப்பீட்டுக் கிராமத்துக்குள் வேறு உதவி நுழைந்தால் மூன்று வருட உழைப்பும் வீணாகும் என்றார். உதவி போன ஊரையும் போகாத ஊரையும் அப்புறம் எப்படி ஒப்பிடுவது? அந்த அறக்கட்டளைக்காரர்களைத் தனக்குத் தெரியும், பேசிப் பார்க்கிறேன் என்றார்.

கேஸ் புக் செய்தேன். ஸ்கூட்டிக்கு பிரேக் சரியில்லை.

ஜூலை 19

அறக்கட்டளை ஒப்புக்கொண்டதாம். மெஷினை ஜனவரிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்குள் எங்கள் கடைசிச் சுற்று முடிந்துவிடும். ஆறு மாதம்தானே.

ஆகஸ்ட் 5

பஞ்சவர்ணத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. ‘நிர்வாகக் காரணங்களால்’ என்று ஒரே வரி. ஏழு பெண்களும் ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் வருகிறதென்று நம்பி, இந்த முறை மிளகாயை வியாபாரிக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. கதவைத் திறந்தாலே தும்மல் வருகிறது.

“ஆகஸ்டுன்னு அவுகளாத்தானே சொன்னாக. நடுவுல யாரு என்ன சொன்னாகன்னு தெரியலயே. உங்களுக்கு எதுவும் தெரியுமாக்கா?”

தெரியாது என்றேன். ஆபீஸ் விஷயங்கள் இப்படித்தான் தாமதமாகும், ஜனவரியில் நிச்சயம் வரும் என்றும் சொன்னேன். ஜனவரி என்று நான் சொன்னதும் அவள் என்னைப் பார்த்தாள். கடிதத்தில் மாதம் எதுவும் போட்டிருக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆகஸ்ட் 14

மழை. அந்தக் கட்டடம் ஒழுகும் என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 17

மிளகாய் பூஞ்சை பிடித்துவிட்டது. பாதிக்குமேல் கறுத்துப் போய்விட்டது. மீதியைக் கேட்ட விலைக்கு வியாபாரி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் 22

ஒரு வெள்ளை வேன் இரண்டு நாளாக அத்திப்பொட்டல் கண்மாய்க் கரையில் நிற்கிறது. ராஜகுரு என்று ஒரு ஏஜெண்ட். வடக்கே முறுக்குக் கம்பெனியில் வேலை, சாப்பாடு, தங்க இடம், தீபாவளிக்கு லீவு என்கிறார். பேசும்போது கண் சிமிட்டுவதே இல்லை. பதினோரு ஆண்கள் கிளம்புகிறார்கள். வெற்றுத் தாளில் ஆளுக்கொரு ரேகை வாங்கிக்கொண்டிருந்தார். எதற்கு என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சண்முகவேல் என்னிடம் வந்தான். பஞ்சவர்ணம் பின்னால் நின்றாள்.

“நீங்க நாலு ஊரு போயி வந்தவுக. இந்தாளு சொல்றது நெசந்தானா? போகலாமாக்கா?”

சர்வே எடுப்பவர்கள் ஆலோசனை சொல்லக்கூடாது. நாங்கள் சொல்கிற ஒரு வார்த்தையால் ஒருவர் முடிவு மாறினால்கூட அது பதிவைக் கெடுத்துவிடும். அதைத்தான் அவனிடமும் சொன்னேன். நான் ஒன்றும் சொல்லக்கூடாது தம்பி, உங்கள் இஷ்டம் என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

பதினோரு பேருடைய பெயர், ராஜகுருவின் போன் நம்பர், வேனின் நம்பர், கிளம்பும் தேதி எல்லாவற்றையும் பதிந்துகொண்டேன். ‘வேலைக்காக வெளியூர்’, குறியீடு நான்கு.

செப்டம்பர் 9

ராஜகுருவின் நம்பர் உபயோகத்தில் இல்லை. ஆண்களின் போன்களும் அடிக்கவில்லை. வடக்கே டவர் சரியிருக்காது என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் 30

செவந்திக்குளத்தில் இரண்டாவது எண்ணெய்ச் செக்கு. திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அக்டோபர் 21

அத்திப்பொட்டலில் இப்போது ஒன்பது வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதி வீடுகளிலும் பெண்கள் விடிவதற்கு முன்பே விறகு வெட்டப் போய்விடுகிறார்கள். பகலில் ஊருக்குள் போனால் யாருமே இல்லாத தெருவில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது. பூட்டிய வீடுகள் அதிகமானால் ஆய்வு பலவீனமாகிவிடும், போனவர்கள் எங்கே என்று விசாரித்துப் பதியுங்கள் என்று நிவாஸ் சார் எழுதியிருக்கிறார். ஆறு வீடுகளின் விவரம் கிடைத்துவிட்டது. ஒரு குடும்பம் செங்கல் சூளையில் இருக்கிறது.

நவம்பர் 13

தீபாவளி முடிந்தது. அந்தப் பதினோரு பேரில் ஒருவரும் வரவில்லை.

பஞ்சவர்ணம் இரண்டு நாளும் மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாளாம். மூத்தவள்தான் சொன்னாள். அப்பா வாங்கி வருவார் என்று அம்மா தங்களுக்குப் புதுத்துணி எடுக்கவில்லை என்றாள். நித்யாவுக்குச் சின்னதாகிப்போன இரண்டு சுடிதாரை அடுத்த முறை எடுத்துப் போகலாமா என்று யோசித்தேன். அதுவும் உதவிதான். கொண்டு போகவில்லை.

நவம்பர் 25

மதுரையில் கடைசிச் சுற்றுக்கான பயிற்சி. நிவாஸ் சார் வந்திருந்தார். திரையில் இரண்டு கோடுகள். செவந்திக்குளம் மேலே ஏறுகிறது. அத்திப்பொட்டல் கொஞ்ச தூரம் சமமாகப் போய், ஆகஸ்டுக்குப் பிறகு சரிகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காட்டி, இவ்வளவு தெளிவான வித்தியாசத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சாப்பாட்டு இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டார். ஜனவரியில் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு என் பெயரை எழுதியிருக்கிறாராம். இனி வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 3

கமுதி பஸ் ஸ்டாண்டில் மத்தியானம் ஒருவர் என் எதிரில் வந்து நின்றார். முதலில் அடையாளம் தெரியவில்லை. அத்திப்பொட்டல் சாத்தையா. அந்தப் பதினோரு பேரில் வயதில் மூத்தவர், சண்முகவேலுக்குச் சித்தப்பா முறை. ஆள் பாதியாகியிருந்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பும் வெடிப்பும். டீக்கடையில் உட்கார வைத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

முறுக்குக் கம்பெனி என்று ஒன்றும் இல்லையாம். ஆந்திரா பக்கம் காட்டுக்குள் ஒரு கல்குவாரி. போன அன்றே போன்களைப் பிடுங்கிவிட்டார்கள். ராத்திரி கொட்டகையைப் பூட்டுகிறார்கள். இவர் தண்ணீர் லாரியின் அடியில் படுத்துத் தப்பித்து வந்திருக்கிறார். குவாரிக்குப் போகும் வழி, பக்கத்து ஊர், லாரியில் எழுதியிருந்த பெயர் எல்லாம் சொன்னார்.

“சம்முகவேலு கால்ல கல்லு விழுந்து பத்து நாளாச்சும்மா. கால் இம்புட்டு வீங்கிருச்சு. காய்ச்சல்ல பொலம்பிக்கிட்டுக் கெடக்கான். டாக்டருன்னா அடிக்க வாராங்கெ. நாங்க போயி ஸ்டேசன்ல சொன்னா யாரு நம்புவா? ராசகுரு ஆளுக என்னையத் தேடிக்கிட்டு இருப்பாங்கெ. உங்ககிட்டத்தான் பேரு, தேதி எல்லாம் எழுத்துல இருக்கு. நீங்க எழுதிக் குடுத்தா அதிகாரிங்க போவாக.”

செய்கிறேன் என்றேன். பஞ்சவர்ணத்திடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், பயந்துபோவாள் என்றும் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார்.

டிசம்பர் 4

நிவாஸ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொடுமை பானு, கண்டிப்பாக ஏதாவது செய்ய வேண்டும் என்றார். ஆனால் சர்வேயில் சொன்னதை வெளியில் யாருக்கும் தர மாட்டோம் என்று நாம் ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அதை மீற வேண்டுமென்றால் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். குழு இருபதாம் தேதி கூடுகிறது. அதோடு இப்போது ஊருக்குள் அதிகாரிகளும் போலீசும் வந்தால் கடைசிச் சுற்றில் மக்கள் என்ன பதில் சொல்வார்கள்?

“ரவுண்டு முடியட்டும், பானு. மிஞ்சிப் போனா இருபது நாள். அப்புறம் நானே உங்ககூட வர்றேன்.”

செய்யாதே என்று அவர் சொல்லவில்லை. இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 8

சாத்தையா போன் செய்தார். மேலே எழுதியாயிற்று என்றேன். மேலே என்றால் நிவாஸ் சாருக்கு.

டிசம்பர் 11

புயல் எச்சரிக்கை. அரிசியும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்தேன். நித்யாவுக்கு அரைப்பரீட்சை. அத்திப்பொட்டலில் இன்று எட்டு வீடு முடித்தேன்.

டிசம்பர் 14

காலையிலிருந்து தூறல். பஞ்சவர்ணம் வீடு.

அவள் இன்று முந்திக்கொண்டு பதில் சொல்லவில்லை. கேள்வியைக் கேட்டபின் நான் காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். நாலு என்றாள். மூன்று மாதத்துக்குமேல் வீட்டில் தங்காதவரைக் குடும்பத்தில் சேர்க்கக்கூடாது என்பது விதி. அதைச் சொன்னேன்.

“அப்ப அவர எடுத்துருவீகளா?”

இது வெறும் கணக்குக்குத்தான் என்றேன். டேப் நாலை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. மூன்று என்று போட்டேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். “வேற ஒண்ணும் எங்கிட்டச் சொல்றதுக்கு இல்லையாக்கா?” என்றாள். ஒன்றும் இல்லை, தைரியமாக இரு என்றேன்.

ரெயின்கோட் கிழிந்துவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

டிசம்பர் 20

குழு கூடவில்லை. உறுப்பினர் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். சாத்தையா இப்போதெல்லாம் போன் செய்வதில்லை.

டிசம்பர் 23

கடைசி வீடும் முடிந்தது. எல்லாப் பதிவும் சரியாகப் போய்ச் சேர்ந்ததாகச் சென்னையிலிருந்து செய்தி வந்தது. பிழை ஒன்றுகூட இல்லையாம்.

டிசம்பர் 26

இன்று யாரையும் கேட்காமல் சப்-கலெக்டர் அலுவலகத்துக்குப் போனேன். பதினோரு பேர் பட்டியல், ராஜகுருவின் விவரம், வேன் நம்பர், சாத்தையா சொன்ன வழி எல்லாவற்றையும் என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்துதான் போனேன். சப்-கலெக்டர் என்னை விடச் சின்னவர். படித்து முடித்ததும் அங்கேயே போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் போன நேரத்திலிருந்து குவாரி இருக்கும் மாவட்டத்துக்குத் தகவல் போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மனசு லேசாக இருக்கிறது.

ஜனவரி 2

மீட்டுவிட்டார்கள். நாளை வருகிறார்கள்.

ஜனவரி 3

சப்-கலெக்டர் அலுவலக வளாகத்தில் அத்திப்பொட்டலே நின்றது. பஸ் பத்தரை மணிக்கு வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். அந்தந்த வீட்டுப் பெண்கள் ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்பது பேர். கடைசியாக டிரைவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். பஞ்சவர்ணம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்களில் ஒருவன் அவளிடம் போய்ச் சொன்னான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சண்முகவேல் போன மாதம் பதினாலாம் தேதி காலையில் போய்விட்டானாம். கொட்டகைக்குப் பின்னால் புதைத்திருக்கிறார்கள். கடைசி ஒரு வாரம் கால் கறுத்து நாற்றமெடுத்ததாம்.

அவள் அழவில்லை. இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்துக்கொண்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை.

ஜனவரி 4

எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 6

உடலை எடுத்து வருவதற்கான மனுவில் கையெழுத்துப் போட பஞ்சவர்ணத்தைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். சாத்தையாவும் வந்திருந்தார். இறந்த தேதி, புகார் கொடுத்த தேதி இரண்டும் ஒரே தாளில் இருந்தன. அவள் விரல் வைத்து வாசித்தாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றதும் கேட்டாள்.

“எங்க ஆளுக அங்க மாட்டிக்கிட்டுக் கெடக்குறது உங்களுக்கு எப்பக்கா தெரியும்?”

“கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான்” என்றேன்.

சாத்தையா மூன்றடி தள்ளி நின்றார். அவர் காதில் விழுந்தது. பஸ் வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜனவரி 9

பஞ்சவர்ணம் போன் செய்தாள். எடுக்கவில்லை. இதோடு மூன்று முறை.

ஜனவரி 10

நிவாஸ் சார் கூப்பிட்டார். சப்-கலெக்டரிடம் போனதற்காகக் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன், கடைசிச் சுற்று முடிந்த பிறகு போனதால் பாதிப்பு ஒன்றும் இல்லை என்றார். அறிக்கை தயாராகிவிட்டது. உதவி போன ஊரில் வேலையிலிருப்பவர்கள் போகாத ஊரைவிட முப்பத்தெட்டு சதவீதம் அதிகம். அடுத்த கட்டமாக நூறு ஊர்களுக்கு உதவி போகிறது. ஒருங்கிணைப்பாளர் பதவிக்கான உத்தரவு பொங்கலுக்குள் வந்துவிடும்.

அந்த முப்பத்தெட்டில் அத்திப்பொட்டல் சரிந்ததும் சேர்ந்திருக்கிறதே என்று கேட்டேன். கோடு ஆகஸ்டிலிருந்து ஏன் சரிந்தது என்று அறிக்கையில் இருக்கிறதா என்றும் கேட்டேன். ஒப்பீட்டுக் கிராமத்தில் என்ன நடந்தது என்பது இந்த ஆய்வின் கேள்வி இல்லை, பானு என்றார். பிறகு, அந்த ஊரை இப்போது விடுவித்தாயிற்று, இனி யார் வேண்டுமானாலும் அங்கே உதவலாம் என்றார். விடுவித்தாயிற்று என்றுதான் சொன்னார்.

ஜனவரி 12

காலையில் அத்திப்பொட்டலுக்குப் போனேன். டேப்பை எடுத்துப் போகவில்லை. பஞ்சவர்ணம் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அன்றைக்குச் சொன்னது பொய், எனக்கு டிசம்பர் மூன்றாம் தேதியே தெரியும், சாத்தையா வந்து சொன்னார் என்றேன். எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன். மெஷினைப் பற்றியும் சொன்னேன். அது நின்றதற்குக் காரணம் நான் பதிந்ததுதான் என்றேன்.

அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“சித்தப்பா போன மாசம் ரெண்டாந்தேதியே ஊருக்கு வந்துட்டாரு. நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தாரு. மறுநா அவர உங்ககிட்ட அனுப்புனதே நாந்தேன்.”

அவளே மேலும் பேசினாள். மெஷின் விஷயமும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அறக்கட்டளைக்கே நேரில் போய்க் கேட்டிருக்கிறாள். அங்கிருந்த ஒரு பெண் சொல்லிவிட்டாள். அப்படியிருந்தும் ஏன் என்னிடம் அனுப்பினாய் என்று கேட்டேன்.

“எங்க ஊருல யாருக்கு என்ன நடந்தாலும் எங்களக் கேக்காமயே எழுதிருவீக. நீங்க எழுதுனா மேல அம்புட்டுப் பேரும் கேக்குறாக. வர்ற மெஷினே நின்னு போகுது. அப்ப இதையும் எழுதுனீகன்னா அவரு வந்துருவாருன்னுதேன் இருந்தேன். தெனமும் இருந்தேன்.”

அப்படியானால் அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோதே என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“கேட்டேனே” என்றாள்.

அவள் பிளந்த விறகை எடுத்துச் சுவரோரமாக அடுக்கினாள். நான் குனிந்து ஒரு கட்டையை எடுத்தேன். வேண்டாம், வையுங்கள் என்றாள்.

ராஜகுருவைப் பிடித்துவிட்டார்களாம். விசாரணை பதினெட்டாம் தேதி. சாட்சிகளில் என் பெயரும் இருக்கிறது.

“அங்க தேதி கேப்பாக. அங்கயாவது சரியாச் சொல்லுங்க” என்றாள்.

ஜனவரி 13

ஒருங்கிணைப்பாளர் பதவி வேண்டாம் என்று நிவாஸ் சாருக்கு எழுதினேன். மெஷின், மிளகாய், வேன், குவாரி, என்னென்ன தேதியில் எனக்கு என்ன தெரியும் என்பது வரை நான்கு பக்கம் எழுதி, அறிக்கையோடு சேர்க்கச் சொல்லி அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. வேறொன்றும் இல்லை.

ஜனவரி 18

காலை பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். விசாரிக்கும் அதிகாரிக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பின்பெஞ்சில் பஞ்சவர்ணமும் சாத்தையாவும் மற்ற ஒன்பது பேரும்.

ஆட்கள் அடைபட்டிருந்தது முதன்முதலில் எப்போது தெரிந்தது என்று அதிகாரி கேட்டார். டிசம்பர் மூன்று என்றேன்.

புகாரைப் புரட்டி மறுபடி தேதி பார்த்தார். நிமிர்ந்தார்.

“இருபத்து மூணு நாளு என்னம்மா செஞ்சீங்க?”

“சர்வே எடுத்தேன்” என்றேன்.

பக்கத்திலிருந்தவர் அதை எழுதிக்கொண்டார்.